நடந்தும் எடை குறையவில்லை, நிறுத்திவிடலாமா?

கேள்வி:
நான்கு மாதங்களாக நாள்தோறும் விடியற்காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். எடைக் கருவியின் முள் 74-ஐ விட்டு நகரவே இல்லை. போகிற திருமணங்களில் எல்லாம் "இன்னும் இளைக்கவில்லையா?" என்று கேட்கிறார்கள். கண்ணாடி பார்க்கவே மனம் கூசுகிறது. இந்த நடையால் பயன் உண்டா?

மறுமொழி 1:
தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள், சகோதரி. அந்த நடையில் செலவாகும் ஆற்றல் மூன்று இட்லியிலும் சட்னியிலும் திரும்பி வந்துவிடும் என்பதால் எடைக் குறைப்பில் உணவின் பங்கே பெரிது. ஆனால் நடக்கும்போது தசைகள் இரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்வதும், நாளடைவில் இரத்த அழுத்தம் தணிவதும், உறக்கம் சீராவதும் எடை குறைந்தால்தான் நிகழும் என்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு; நீங்கள் 280 நிமிடம் நடக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
எனக்கும் முள் அசையவில்லை. ஆயினும் தண்ணீர்க் குடத்துடன் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது இரண்டாம் மாடிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கிய நான், இப்போது நிற்காமல் ஏறுகிறேன். என் உடம்பின் மீது எனக்கு மதிப்பு வந்தது அந்தப் படிக்கட்டில்தான், கண்ணாடியில் அல்ல. எடையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். இடுப்புச் சுற்றளவையும் அளந்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாளைக் காலையும் நடப்பேன்.