நோராவுக்கு ஒரு சொல்: மணவடக்கமா, மணப் பராயமின்மையா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

> நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்துக்குக் குறிப்புரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மணமான பெண்ணின் சட்ட நிலையைக் குறித்து ஆங்கில உரைகளில் 'கவர்ச்சர்' (coverture) என்று வருவதற்குத் தமிழில் 'மணப்போர்வை' என்று போடலாமா?

வேண்டாம் அக்கா. மூலச்சொல்லில் மூடுதல் என்ற பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் தமிழில் 'திருமணம் என்ற போர்வையில்' என்றால் ஏமாற்று என்றுதான் படிப்பார்கள். அந்தச் சட்டம் எதையும் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னது. கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள், அந்த ஆள் கணவன் என்பதுதான் பழைய ஆங்கிலேயச் சட்டக் கொள்கை. ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1765இலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். மனைவி கணவனுக்குள் அடங்கிவிடுகிறாள். அதனால் 'மணவடக்கம்' என்று சொல்லலாம். 'வரி உட்பட எல்லாம் அடக்கம்' என்கிறோமே, அந்த அடக்கம். பெண்ணுக்கு அழகு என்று சொல்லிவந்த அடக்கமும் கூடவே ஒலிக்கும். ஒலிக்கட்டும், அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த எதிர்பார்ப்பும் அதுதானே.

ஆனால் என் கவலை வேறு. நாடகத்தின் நாயகி நோரா இங்கிலாந்துப் பெண் இல்லை. அவள் இருந்தது நார்வேயில். அங்கே மனைவி கணவனுக்குள் கரைந்துபோகவில்லை. தனி ஆளாகத்தான் இருந்தாள், ஆனால் வயது வராத ஆளாக. நார்வே மொழியில் அந்த நிலைக்கு 'உமிண்டி' என்பார்கள். சிறுபிள்ளைக்கும் அதே சொல், மணமான பெண்ணுக்கும் அதே சொல். 1863இல் 25 வயது நிறைந்த மணமாகாத பெண்களுக்கு ஆண்களைப் போலவே சட்டத் தகுதி வந்துவிட்டது. மணமான பெண்ணுக்கு அது வர 1888 ஆனது. நாடகம் அச்சில் வந்தது 1879 டிசம்பரில். அதாவது, இப்சன் எழுதிய காலத்தில் தனியாக இருக்கும் முப்பது வயதுப் பெண் சட்டப்படி பெரியவள். அவளே மாலை மாற்றிக்கொண்டால் மறுநாள் சின்னப் பிள்ளை.

இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாடகத்தைத் திறந்து பாருங்கள். நோராவின் கணவன் ஹெல்மர் அவளை வானம்பாடி, அணில் என்று கொஞ்சுகிறான். மக்ரூன் என்ற இனிப்பைத் தின்னக்கூடாது என்று தடை போட்டிருக்கிறான். அவள் ஒளித்துத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிறாள். தபால்பெட்டிச் சாவி அவனிடம். மூன்றாம் அங்கத்தில் கடிதங்களை எடுக்கப் போகும்போது பூட்டில் உடைந்த கொண்டை ஊசி ஒன்று மாட்டியிருக்கிறது. 'இது உன்னுடையதாயிற்றே' என்கிறான். குழந்தைகள் செய்திருப்பார்கள் என்கிறாள் நோரா. அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். மூன்று பிள்ளைகளின் தாய், தன் வீட்டுப் பூட்டையே ஊசியால் நோண்டிவிட்டுப் பழியைப் பிள்ளைகள்மேல் போடுகிறாள். சட்டம் அவளை எந்த இடத்தில் வைத்ததோ அங்கே நின்றுதான் பேசுகிறாள்.

நோரா ரகசியமாக வாங்கிய கடனும் அப்படித்தான். நார்வேயின் பழைய நாணயத்தில் 1200 ஸ்பீசிடாலர், புதுக் கணக்கில் 4800 குரோனர். கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாதே என்று தோழி லிண்டே அம்மையார் முதல் அங்கத்திலேயே சொல்லிவிடுகிறார். கணவனுக்கு விஷயம் தெரியக்கூடாது. அதனால் பிணைக்குத் தகப்பன் கையெழுத்து, அதையும் நோராவே போட்டுவிட்டாள். தகப்பன் இறந்தது செப்டம்பர் 29, கையெழுத்தின் தேதி அக்டோபர் 2. கடன் கொடுத்த க்ரோக்ஸ்டாட் பிடித்துக்கொண்டது இந்த மூன்று நாளைத்தான். பிள்ளைபோல் நடத்துகிற அதே சமூகம், மாட்டிக்கொண்டால் மட்டும் பெரியவளைப்போல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். 'மணவடக்கம்' இதைச் சொல்லாது. இன்னொரு சொல் வேண்டும். நான் முன்வைப்பது 'மணப் பராயமின்மை'. பராயம் என்றால் சட்டப்படி வயது வந்த நிலை.

> பராயம் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குப் புரியும்? 'மைனர் நிலை' போதுமே.

ஐயா, தமிழ்நாட்டில் மைனர் என்றால் சங்கிலியும் சில்க் சட்டையுமாக ஊர் சுற்றுகிற ஆண்பிள்ளையும் கூட வந்து நிற்பானே! 'இளவர்' சட்ட அகராதியில் இருக்கிறது, ஆனால் இளமை வருகிறதே ஒழியத் தகுதி மறுக்கப்பட்டது வரவில்லை. இலங்கைச் சட்டத் தமிழில் பராயமடைந்தவர், பராயமடையாதவர் என்பது அன்றாட வழக்கு. தமிழ்நாட்டிலும் 'பிராயம்' தெரியாதவர் குறைவு. ஒரு முறை விளக்கினால் போதும், நிற்கும்.

> அப்படியானால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கும் இதே சொல்லா?

இல்லை, இதில் கவனமாக இருக்கவேண்டும். எனக்குப் பதினாறு வயதில் அம்மா தன் சீதனக் காணியை விற்றார். காணி அம்மம்மா கொடுத்தது, உறுதி (பத்திரம்) அம்மா பெயரில். பத்திரம் எழுதும் நொத்தாரிசு முன்னால் அம்மா கையெழுத்து வைத்து முடித்ததும், தாளைத் திருப்பி அப்பாவிடம் நீட்டினார்கள். அம்மா கணக்கு வாத்தியார். பேனாவை மூடிவிட்டு அப்பா எழுதி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் அசையாச் சொத்தைக் கைமாற்ற வேண்டுமானால் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. ஆனாலும் அந்தச் சட்டம் அம்மாவைப் பராயமடையாதவர் என்று சொல்லவில்லை. அதற்குக் 'கணவர் இசைவுக் கட்டு' என்று தனியாக ஒரு சொல் வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எந்தப் பெண்ணிடமிருந்து எது பறிக்கப்பட்டது என்றே தெரியாமல் போகும்.

> 'பராயமிழப்பு' என்றால் இன்னும் கூர்மையாக இருக்குமே?

எனக்கும் முதலில் அதுதான் பிடித்திருந்தது. அப்புறம் யோசித்தேன். அப்பாவுக்குப் பொம்மைக் குழந்தையாக இருந்து, உங்களுக்குப் பொம்மை மனைவியானேன் என்று கடைசியில் நோரா சொல்கிறாள். பராயம் அவள் கைக்கு வந்ததே இல்லை. இல்லாததை எப்படி இழப்பது? ஆகவே 'இன்மை'.

அக்கா, குறிப்புரையில் இன்னொன்றையும் சேருங்கள். 1884இல் மணமான பெண்களின் சொத்துரிமைக்காக நார்வே நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் எழுத்தாளர்கள் பியோர்ன்சன், லீ, கீலாண்ட் ஆகியோருடன் இப்சனும் கையெழுத்திட்டார். லண்டனில் ஜேனட் அச்சர்ச் 1889இல் நோராவாக நடித்தபோது, அங்கே மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் வந்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது. ஆங்கில உரைகாரர்கள் தங்கள் ஊர்ச் சொல்லை நோராமேல் ஏற்றிவிட்டார்கள். நாமும் அவர்கள் வழியாகப் போகவேண்டியதில்லை.

குறிப்பு இப்படி இருக்கலாம்: 'மணப் பராயமின்மை: 1888 வரை நார்வேயில் மணமான பெண்ணைச் சட்டம் வயது வராதவராகக் கருதிய நிலை. கணவனே காப்பாளன். நோரா கணவன் சம்மதமில்லாமல் கடன் வாங்கச் சட்டம் இடம் தராதது இதனால்தான்.'

'காப்பாளன்' சரியா, 'பாதுகாவலன்' நல்லதா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.