லொத்தர் காசு எந்த வழியால் வருகிறது, எங்கள் சங்கங்களின் விண்ணப்பம் எங்கே சிக்குகிறது: தெரிந்தவர்கள் எழுதுங்கோ

கணக்குப்பிள்ளை:
பிரித்தானிய நேஷனல் லொத்தரியில் ரிக்கற் எடுக்கிற காசில் எவ்வளவு நற்பணிக்குப் போகிறது என்று சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேள்வி வருகிறது. 2022-23 கணக்கைப் பாருங்கோ. விற்பனை 8 பில்லியன் பவுண்ஸைத் தாண்டியது. நற்பணிக்குப் போனது 1.8 பில்லியனுக்கு மேல், அதாவது நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பாதிக்கு மேல் பரிசாகத் திரும்பிவிடுகிறது. 12 சதவீதம் லொத்தர் வரியாகத் திறைசேரிக்குப் போகிறது. மிச்சத்தில்தான் கடைக்காரரின் கமிஷனும் நடத்துகிற கம்பனியின் செலவும் லாபமும். சுரண்டிப் பார்க்கிற ஸ்கிராட்ச் காட் சீட்டில் பரிசு விகிதம் கூட என்பதால் நற்பணிக்கு விழுவது குறைவு. அதே காசுக்குக் குலுக்கல் ரிக்கற்றான லோட்டோ எடுத்தால் நற்பணிக்குக் கூடப் போகும். வென்றவர் 180 நாளுக்குள் வந்து கேட்காத பரிசும் நற்பணிப் பக்கம்தான் சேரும்.

கம்பனி இந்தக் காசைத் தானே பிரித்துக் கொடுப்பதில்லை. அது லொத்தரிப் பகிர்வு நிதி என்ற கணக்குக்குப் போகும். அந்தக் கணக்கு கலாசாரம், ஊடகம், விளையாட்டுத் துறை அமைச்சின் கையில். அங்கே 40 சதவீதம் சமூகப் பணி, 20 கலை, 20 விளையாட்டு, 20 மரபுரிமை என்று பிரிந்து 12 பகிர்வு அமைப்புகளுக்குப் போகும். எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது அந்த அமைப்புகள்தான், அமைச்சர் இல்லை. ஆகவே தொகுதி எம்.பி.யிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க அலைவதில் பலன் இல்லை.

1994 நவம்பர் 19இல் முதல் குலுக்கல் நடந்த நாளிலிருந்து 2024 ஜனவரி வரை கமலொட் என்ற கம்பனி நடத்தியது, பெப்ரவரி 1 முதல் அல்வின் என்ற கம்பனி. 2018இல் பாராளுமன்றக் கணக்குக் குழு சொன்னதை மறக்கக்கூடாது: 2009-10இலிருந்து ஏழு வருடத்தில் கமலொட்டின் லாபம் 122 சதவீதம் ஏறியது, நற்பணிக்குப் போனது 2 சதவீதம்தான் ஏறியது. சனம் நல்ல காரியத்துக்கு என்று நம்பி எடுத்த ரிக்கற் அது. புதிய உரிமத்தில் கம்பனியின் வருமானத்தை நற்பணித் தொகையோடு இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அது உண்மையில் வேலை செய்கிறதா என்று வருடாவருடம் கணக்கைப் பார்க்க வேணும்.

சனிக்கிழமைப் பள்ளிக்கூடம்:
அண்ணை சொன்ன அந்த 40 சதவீதம்தான் எங்கள் ஆட்களுக்கு முக்கியம். அதைப் பிரிப்பது நேஷனல் லொத்தரி கொம்யூனிட்டி ஃபண்ட். சின்னச் சங்கங்கள் தொடங்க வேண்டிய இடம் அதன் 'அவாட்ஸ் ஃபோர் ஓல்' என்ற சிறு மானியத் திட்டம். இங்கிலாந்தில் 300 முதல் 20,000 பவுண்ஸ் வரை, இரண்டு வருடத்துக்குள் முடிக்கிற வேலைக்கு. பதிவு பெற்ற சரிட்டியாக (தொண்டு நிறுவனமாக) இருக்க வேணும் என்ற கட்டாயம் இல்லை. எழுதிய யாப்பு (சங்கத்தின் விதிமுறை) ஒன்றும், ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத இரண்டு பேராவது உள்ள நிர்வாகக் குழுவும் போதும்.

அந்தச் 'சொந்தமில்லாத' என்ற சொல்லில்தான் எங்கள் சங்கங்கள் அதிகம் தடுக்கி விழுகின்றன. தலைவரும் பொருளாளரும் புருஷன் பெண்சாதி, செயலாளர் தலைவரின் மச்சான் என்றால் போதாது. ஒரே முகவரியில் இருந்தாலும் சொந்தம் என்றுதான் எடுப்பார்கள். விண்ணப்பத்தில் தொடர்புக்குக் கொடுக்கிற இரண்டு பேருக்கும் இந்த விதி உண்டு, வங்கியில் காசு எடுக்கக் கையெழுத்து வைக்கிற இரண்டு பேருக்கும் உண்டு. கையெழுத்துக்காரரை மாற்ற வங்கி வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே விண்ணப்பம் எழுதத் தொடங்க முன்னமே அதை முடித்து வையுங்கோ.

அடுத்த சிக்கல் பெயர். யாப்பில் 'தமிழ்ப் பாடசாலை', வங்கிக் கூற்றில் 'தமிழ்ப் பள்ளிக்கூடம்', விண்ணப்பத்தில் வேறொன்று என்றால் அது அப்படியே நிற்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்துக் கூடக் குறைய இருந்தாலும் கேள்வி வரும். யாப்பின் முதல் பக்கத்தையும் வங்கிக் கூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கோ. கூற்று கடைசி மூன்று மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேணும்.

பதில் வர மூன்று நாலு மாதம் ஆகும். செலவழித்த காசைத் திருப்பித் தரமாட்டார்கள். தைப்பொங்கலுக்கு மண்டபம் பிடிக்க நவம்பரில் விண்ணப்பம் போடுவதில் அர்த்தமில்லை, கோடையிலேயே போட வேணும். விண்ணப்பம் எழுதித் தருகிறவருக்குக் கொடுத்த கூலி, கடன், மதுபானம், உங்களால் மீட்கக்கூடிய வற் வரி, இவற்றுக்கும் தரமாட்டார்கள். மண்டபத்தைத் திருத்துவதென்றால் இடம் உங்களுடையதாக இருக்க வேணும், அல்லது இடையில் முறிக்க முடியாத ஐந்து வருடக் குத்தகையாவது வேணும்.

மகாராணி வீதி:
எங்கள் கோயிலுக்குத் தேர்க்கொட்டகை போடக் கேட்கலாமா? கோயில் பதிவு பெற்ற சரிட்டி.

சனிக்கிழமைப் பள்ளிக்கூடம்:
தேர்க்கொட்டகைக்குச் சரிவராது அக்கா. கோயில் விண்ணப்பிப்பதில் தடையில்லை, வழிபாட்டுக்குத்தான் காசு இல்லை. அதே கோயில் மண்டபத்தில் தனிமையில் இருக்கிற வயோதிபருக்குக் கிழமைக்கொருநாள் மதியச் சாப்பாடு, நீரிழிவுப் பரிசோதனை, நாற்காலியில் இருந்தபடி செய்கிற உடற்பயிற்சி என்றால் கேட்கலாம். ஆனால் அக்கம்பக்கத்துச் சனம் எவரும் வரலாம் என்பது வெறும் வசனமாக இருக்கக்கூடாது. அறிவித்தல் எங்கே ஒட்டப்படும், எந்த மொழிகளில், மரக்கறிச் சாப்பாடு எத்தனை பேருக்கு என்று எழுதுங்கோ. வரப்போகிற ஆட்களிடம் என்ன தேவை என்று கேட்டீர்களா என்பதையும் பார்ப்பார்கள். குழு மட்டும் கூடி எடுத்த முடிவு என்றால் அந்த இடத்தில் விண்ணப்பம் பலவீனப்படும்.

சூதாட்டக் காசு வேண்டாம் என்று ஒதுங்குகிற கோயில் குழுக்களும் உண்டு. சல்வேஷன் ஆர்மி போன்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பே மறுத்திருக்கிறது. அந்த விவாதத்தை விண்ணப்பத்துக்கு முன்னம் முடியுங்கோ. காசு கிடைத்தால் இரண்டு விரலைக் குறுக்கே போட்ட லொத்தரிச் சின்னம் உங்கள் அறிவித்தலில் வரத்தான் வேணும்.

ஒலிநாடா:
மரபுரிமைப் பக்கத்தை எங்கள் ஆட்கள் கவனிப்பது குறைவு. எண்பதுகளில் அகதியாக வந்தவர்களின் வாய்மொழி வரலாறு நேஷனல் லொத்தரி ஹெரிட்டேஜ் ஃபண்டுக்கு நன்றாகப் பொருந்துகிற வேலை. 10,000 முதல் 250,000 பவுண்ஸ் வரைக்கும் ஒரே சுற்று விண்ணப்பம்தான், முழு விண்ணப்பம் போய் எட்டுக் கிழமையில் முடிவு வரும். அதற்கு மேலே என்றால் முதலில் விருப்பக் குறிப்பு, பிறகு இரண்டு கட்டம்.

இதில் பெரிய பள்ளம் சம்மதப் படிவம். இந்தக் காசில் செய்கிற எண்ணிமப் பதிவுகளை 'சிசி பை 4.0' திறந்த உரிமத்தில் வெளியிட வேணும் என்பது நிபந்தனை. அதாவது, பேர் குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஊரில் இன்னும் உறவுகள் இருக்கிற ஒருவர் 1987இல் தன் வீட்டில் நடந்ததைச் சொல்லும்போது இது சின்ன விஷயம் இல்லை. படிவத்தில் இதை விளங்குகிற தமிழில் எழுதி, பதிவுக்கு முன்னம் வாசித்துக் காட்டுங்கோ. பெயரை மறைக்க வேணுமா, எந்தப் பகுதியை மூடி வைக்க வேணும் என்று பதிவு முடிந்த பிறகு திரும்பவும் கேளுங்கோ. விலக்குத் தேவையானவற்றை ஃபண்டிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேணும். கடைசியில் சொன்னால் அறிக்கை நின்றுவிடும்.

பதிவு 'வேவ்' கோப்பாக, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற். எம்பி3 மட்டும் கொண்டுபோனால் ஆவணக் காப்பகம் முகம் சுளிக்கும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், ஆங்கிலத்துக்கு மாற்ற அதற்கு மேலே. வரவு செலவுத் திட்டத்தில் இதை விடுகிறவர்கள்தான் பாதி வழியில் தொண்டர்களைக் களைக்க வைக்கிறார்கள். எந்தக் காப்பகம் பொறுப்பெடுக்கும், அதற்குக் கட்டணம் உண்டா என்றும் முதலே கேட்டு எழுத்தில் வாங்குங்கோ.

காசு வரும் விதம்: 100,000 பவுண்ஸுக்கு உட்பட்ட மானியத்தில் 50 சதவீதம் தொடக்கத்தில், 40 இடையில், 10 முடிவறிக்கைக்குப் பிறகு. அந்தக் கடைசிப் பத்தைச் சங்கம் தன் கையால் போட்டுத்தான் வேலையை முடிக்க வேணும். 60,000 என்றால் அது 6,000 பவுண்ஸ்.

மேடைக்காரி:
நடனம், நாடகம் செய்கிறவர்களுக்கு, லொத்தர்க் காசில் கலைப் பங்கைப் பிரிக்கிற ஆட்ஸ் கவுன்சில் இங்கிலாந்தின் திட்ட மானியம் இருக்கிறது, 1,000 முதல் 100,000 பவுண்ஸ் வரை, தனி ஆளும் கேட்கலாம். குறைந்தது 10 சதவீதம் வேறிடத்திலிருந்து வர வேணும், நுழைவுச்சீட்டு வருமானத்தையும் அதில் சேர்க்கலாம். குடும்பத்தார் அழைத்துச் செய்கிற அரங்கேற்றத்தை இதற்குள் கொண்டுவரப் பார்க்காதீர்கள். பொதுமக்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. பக்கவாத்தியக் கலைஞரின் கூலியைக் குறைத்துக் காட்டுவதும் பிழை. நியாயமான சம்பளம் கொடுக்கிறீர்களா என்று பார்ப்பார்கள்.

மகாராணி வீதி:
வேலை முடிந்து காசு மிஞ்சினால்?

கணக்குப்பிள்ளை:
திருப்பிக் கொடுக்க வேணும், அல்லது செலவழிக்க முன்னம் எழுத்தில் அனுமதி கேட்க வேணும். வாடகைக்கு என்று கேட்ட காசில் ஒலிபெருக்கி வாங்கினாலும் அதே விதிதான். வேறு செலவோடு கலந்துவிடாமல் மானியத்துக்கென்று கணக்கேட்டில் தனி நிரல் வையுங்கோ. ரசீது ஒவ்வொன்றையும் வாங்கிய நாளிலேயே படம் எடுத்து, வெப்பத்தாள் ரசீது மங்க முன்னம் சேமித்துவிடுங்கோ.