85-ஐத் தாண்டினால் ஹேண்டில் ஆடுகிறது, கோன் செட் மாற்றியும் நிற்கவில்லை

சாத்தூர்க்காரன்:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது ஏழு வருடப் பழைய 350 சிசி வண்டி, 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஸ்போக் வீல், முன்னால் 19 இன்ச். மாதம் இரண்டு முறையாவது சாத்தூரில் இருந்து நாகர்கோவில் போய் வருவேன், மாமனார் வீடு. நான்கு வழிச்சாலையில் 80 வரைக்கும் ஒரு குறையும் இல்லை. 85-ஐத் தொட்டதும் ஹேண்டில் இடமும் வலமுமாகப் படபடவென்று அடிக்க ஆரம்பிக்கிறது, 90-இல் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி நான்காகத் தெரிகிறது.

முதலில் காற்று என்றுதான் நினைத்தேன். காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், ஆடி மாதத்தில் அங்கே வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் நேராகப் போக முடியும். ஆனால் போன வாரம் கோவில்பட்டி பக்கம், விடியற்காலை, மரத்தில் ஓர் இலை அசையவில்லை, அப்போதும் அதே ஆட்டம். இன்னொன்று, போகும்போதைவிடத் திரும்பி வரும்போது அதிகமாக ஆடுகிறது, இது எனக்கு மட்டும் தோன்றுகிறதா என்று தெரியவில்லை.

முன் டயர் புதிது போட்டாயிற்று. இரண்டு மாதத்துக்கு முன் கோன் செட்டும் (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங்) மாற்றினேன், ஒரு வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. இப்போது வேறொரு கடையில் காட்டினால் முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கையே மொத்தமாக மாற்ற வேண்டும், 9,000 ஆகும் என்கிறார். மாற்றலாமா?

ரோடு கிங் மதுரை:
ப்ரோ, டயர்தான். என் வண்டியிலும் இதே பிரச்சினை, டயர் கம்பெனியை மாற்றினேன், சரியாகிவிட்டது. போர்க்கில் கை வைக்காதீர்கள்.

பழைய ஸ்பானர்:
புது டயர் போட்டும் ஆடுகிறது என்று தம்பி எழுதியிருக்கிறாரே, அதைப் படித்துவிட்டுச் சொல்லக் கூடாதா.

தம்பி, அவசரப்பட்டு 9,000 ரூபாயைக் கொடுத்துவிடாதே. திண்டுக்கல்லில் இருபத்திரண்டு வருடம் பட்டறை வைத்திருந்தவன் சொல்கிறேன், ஹேண்டில் ஆடுகிறது என்று வரும் வண்டியில் பாதிக்கு மேல் கோளாறு ஹேண்டிலில் இருக்காது. கைக்குத் தெரியும் இடம் அது, அவ்வளவுதான். நீ சொன்னதில் எனக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, கோன் செட் மாற்றியதும் ஒரு வாரம் நன்றாக இருந்தது என்பது. இரண்டு, திரும்பி வரும்போது அதிகம் என்பது. பின்னால் பெட்டி மாட்டியிருக்கிறாயா? வரும்போது அதில் என்ன இருக்கும்?

அதற்குப் பதில் சொல்வதற்குள் வீட்டிலேயே இதைச் செய்து பார். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, யாரையாவது பின் சீட்டின் கோடியில் உட்கார வை, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பு. நடுவில் வரும்போது லேசாக ஒரு பள்ளத்தில் விழுந்து உட்காருவது மாதிரி இருந்தால் கோன் செட்டின் கப்பில் (பால்ஸ் உருளும் கிண்ணம்) பால்ஸ் குழி தோண்டிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு போர்க்கையும் கீழே ஆக்சில் பக்கத்தில் பிடித்து முன்னும் பின்னும் இழு. ‘டொக்’ என்று ஏதாவது கேட்டால் உடனே கோன் செட் என்று முடிவு கட்டிவிடாதே, போர்க் குழாய்க்குள் இருக்கும் புஷ் தேய்ந்திருந்தாலும் அதே சத்தம்தான் வரும். இன்னொருவர் இழுக்கட்டும், நீ கீழ் டி-யும் (இரண்டு போர்க்கையும் இணைக்கும் பட்டை) பிரேமும் சந்திக்கும் சந்தில் விரலை வை. அங்கே அசைவு தெரிந்தால் கோன், அங்கே அசையாமல் கீழே குழாய்க்குள் மட்டும் ஆடினால் புஷ். இந்த ஒரு விரல் சோதனையைச் செய்யாமல் போர்க்கை மாற்றச் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதே.

அப்படியே முன் சக்கரத்தைச் சுற்றிவிடு. போர்க்கில் ஒரு பென்சிலைக் கட்டி ரிம்முக்கு மயிரிழை தள்ளி வைத்தால் ரிம்மின் வளைவு தெரிந்துவிடும், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால் ரிம்மைப் பார்க்க வேண்டியதுதான். ஸ்பானரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிக்கொண்டே வா, எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி ‘டிங்’ என்னும், லூசாக இருப்பது மட்டும் மொத்தென்று சொல்லும். புது டயர் என்றாயே, டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றி வரும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார், ஓர் இடத்தில் உள்ளே போய் இன்னோர் இடத்தில் வெளியே வந்தால் டயர் சரியாக உட்காரவில்லை.

கடைசியில் பின்பக்கம் போ. ஸ்விங் ஆர்மை, அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் கையை, கடைசியில் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினால் அசைவே இருக்கக் கூடாது. பின் சக்கரம் நேராக இருக்கிறதா என்பதற்குச் செயின் அட்ஜஸ்டரில் இருக்கும் கோட்டை நம்பாதே, ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவில் இருந்து ஆக்சில் நடு வரைக்கும் இரண்டு பக்கமும் டேப் வைத்து அள.

தாமிரபரணி தாசன்:
ஸ்பானர் அண்ணன் சொன்னதோடு ஒரு சின்னக் கணக்கு. உங்கள் முன் டயரின் சுற்றளவு ஏறக்குறைய இரண்டு மீட்டர். 60 வேகத்தில் சக்கரம் நொடிக்கு எட்டுச் சுற்று சுற்றும், 72-இல் பத்து. முன்பக்கம் தானாக ஆட ஆரம்பித்தால் நொடிக்குச் சுமார் நான்கில் இருந்து பத்து முறை ஆடும். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில்தான் சக்கரத்தின் பேலன்ஸ் கோளாறு, டயர் கோணல் எல்லாம் கையில் தெரியும். அதனால்தான் அந்த மாதிரிக் கேஸ்களில் பெரும்பாலும் 60, 70-இல், அதுவும் வேகம் குறைந்து வரும்போது ஆடும், தாண்டிப் போனால் அடங்கிவிடும். உங்களுக்கு 85-க்கு மேல்தான் வருகிறது, கூடக் கூட அதிகமாகிறது, ஆகவே எனக்கு டயர் மேல் சந்தேகம் குறைவு. ரோடு கிங் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று கவனியுங்கள். ஹேண்டில் மட்டும் வேகமாகத் துடிப்பது வேறு, வண்டி மொத்தமும் நொடிக்கு இரண்டு மூன்று முறை பாம்பு மாதிரி நெளிவது வேறு. நெளிந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள்: ஸ்விங் ஆர்ம் புஷ், பின் டயர் காற்று, பெட்டி. கோன் நட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் வண்டி நேராகப் போகாமல் அலையும், ஆனால் அது மெதுவாகப் போகும்போதே தெரிந்துவிடும்.

மீனாட்சி ஆன் வீல்ஸ்:
ஆடும்போது பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிடாதீர்கள், எடை எல்லாம் முன்னால் வந்து ஆட்டம் இன்னும் கூடும். முழங்காலால் டேங்கை இறுக்கி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து, ஆக்சிலரேட்டரைப் படிப்படியாகக் குறையுங்கள். ஹேண்டிலை முறுக்கிப் பிடித்து அடக்கப் பார்த்தாலும் நம் கையே ஆட்டத்தைத் தள்ளிவிட்டுக் கூட்டிவிடும். கோளாறு தெரியும் வரை 80-ஐத் தாண்ட வேண்டாம், கையை விட்டுவிட்டு டெஸ்ட் செய்கிறேன் என்றும் கிளம்ப வேண்டாம்.

சாத்தூர்க்காரன்:
அண்ணே, பெட்டி இருக்கிறது. திரும்பும்போது அதில் மாமனார் கொடுக்கும் தேங்காய் இருக்கும், பத்துப் பன்னிரண்டு, சில நேரம் ஒரு சீப்பு ஏத்தன் பழமும். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஆட்டம் எனக்குத் துடிப்பு மாதிரிதான், நெளிவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வருகிறேன்.

பழைய ஸ்பானர்:
நாகர்கோவிலில் இருந்து வெறும் பெட்டியோடு எந்த மருமகன் வருகிறான். பின் ஆக்சிலுக்கும் பின்னால், அவ்வளவு உயரத்தில் ஏழெட்டு கிலோவைத் தொங்கவிட்டால் முன் சக்கரத்தின் பாரம் குறையும். பெட்டிக்குள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படி, எடைக்கு வரம்பு போட்டிருப்பார்கள். ஆனால் பெட்டி மட்டும் காரணமாக இருக்காது, இருக்கும் லூசை அது காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சாத்தூர்க்காரன்:
பார்த்தாயிற்று. மைத்துனனைப் பின்னால் உட்காரவைத்து இழுத்தேன், ‘டொக்’. விரல் வைத்த இடத்தில் அசைவு தெளிவாகத் தெரிந்தது, போர்க் புஷ் நன்றாக இருக்கிறது. ஸ்போக்கில் இரண்டு லூஸ். முன் டயரில் காற்று, ஸ்டிக்கரில் போட்டிருப்பதைவிட ஐந்து பிஎஸ்ஐ குறைவு, பங்கில் அடித்தவர் மேல் தப்பில்லை, நான்தான் இரண்டு மாதமாகப் பார்க்கவில்லை. ஸ்விங் ஆர்மில் அசைவு இல்லை.

முதலில் காற்றை மட்டும் சரிசெய்து, பெட்டியைக் கழற்றிவிட்டுக் கோவில்பட்டி வரை ஒரு சுற்று போனேன். 85-இல் ஒன்றும் இல்லை, 95-இல் லேசாக ஆரம்பித்தது, உடனே இறக்கிவிட்டேன் (மீனாட்சி அக்கா மன்னிக்கவும்). பிறகு தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் பிரித்தோம். கோன் செட்டின் கீழ் கப் பிரேமுக்குள் முழுசாக இறங்கவே இல்லை. ஒரு பக்கம் நகம் நுழையும் அளவு சந்து, அதற்குள் காய்ந்த பழைய கிரீசும் பெயின்ட் செதிலும். முதலில் போட்டவர் அந்த இடத்தைத் துடைக்காமலேயே அடித்து ஏற்றியிருக்கிறார். ஓட ஓட அது இறங்க, நட்டின் இறுக்கம் போய்விட்டது. அந்த ஒரு வாரக் கதையும் இதுதான்.

கப்பில் இன்னும் குழி விழவில்லை, அதனால் அதையே கழற்றிச் சுத்தம் செய்து, வேறொரு பழைய கப்பை அதன் மேலே வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார். புது கிரீஸ். லேசாகத் தள்ளிவிட்டால் ஹேண்டில் தன் பாரத்திலேயே இரண்டு பக்கமும் போய் விழும் அளவுக்கு நட்டை வைத்தார். ஸ்போக்கும் சேர்த்து மொத்தம் 650 ரூபாய். நேற்று நாகர்கோவில் போய் வந்தேன், 90-இல் கண்ணாடியில் ஒரே ஒரு லாரிதான் தெரிந்தது. தேங்காயைப் பஸ்ஸில் போட்டுவிடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார் மாமனார். வண்டி ஆடும் என்றேன். ஆடும் வண்டியிலா என் பெண்ணை ஏற்றிக்கொண்டு வருகிறாய் என்று ஆரம்பித்துவிட்டார்.

பழைய ஸ்பானர்:
நல்லது. 300 கிலோமீட்டர் ஓடியதும் அந்த நட்டை இன்னொரு தடவை பார்த்துவிடு, கப் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும். உன் கணக்குக்கு ஒரு தடவை நாகர்கோவில் போய்விட்டு வந்தாலே அவ்வளவு வந்துவிடும்.