சின்சில்லா போட்டி: பழுப்புச் சாயலைப் பற்றி ஒரு கேள்வி

ஒஹாயோவில் சின்சில்லா (அடர்ந்த மென்முடி கொண்ட சிறு கொறிவிலங்கு) வளர்க்கிறேன். ஸ்டாண்டர்ட் கிரே (இயல்பான சாம்பல் நிற) ஆண், ஒன்றேகால் வயது, 640 கிராம். போன மாதப் போட்டியில் பின்வரிசைக்குப் போய்விட்டான். அங்கே ஒரே நிறத்தவற்றை வெள்ளை விளக்கின் கீழ் வரிசையாக வைத்து ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். நடுவர் உடல்வாகையும் முடி அடர்த்தியையும் பாராட்டினார். ஆனால் சாம்பல் முடியில் நீலச் சாயல் தெளிவாக இல்லை, பழுப்பு அடிக்கிறது என்றார். நிறத் தெளிவு போனால் மற்றவை பெரிதாகக் கைகொடுப்பதில்லை.

முதுகில் ஊதிப் பார்த்தால் அடிமுடி கருநீலம், நடுவே வெள்ளைப் பட்டை, இரண்டும் சுத்தம். நுனியில் மட்டும் துரு நிறம். இடுப்பருகே புது முடிக்கும் பழைய முடிக்கும் நடுவே கோடு தெரிகிறது. கோட்டுக்குப் பின்னால் மட்டும் பழுப்பு என்றால் பழைய முடி என்று விட்டிருப்பேன். கழுத்தின் புது முடியிலும் லேசாக இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது.

அவன் புரண்டு குளிக்கும் தூளை மாற்றியாயிற்று. அறை 18 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே. கூண்டையும் ஜன்னல் வெயிலிலிருந்து நகர்த்திவிட்டேன். சீப்பால் வாரி உதிர்முடியை எடுத்தும் பார்த்தேன். அப்புறமும் அதே நிறம். பெற்றோர் இரண்டும் நல்ல நிறம் என்கிறார் கொடுத்தவர்.

இவனை இனப்பெருக்கத்துக்கு விடுவதா என்பது இதில்தான் நிற்கிறது. முடி முழுதாக மாறும்வரை காத்திராமல், இது மங்கிய முடியா, பிறவிச் சாயலா என்று இப்போதே கண்டுபிடிப்பது எப்படி?