‘இரும இடைமுக முறிவு’: பொதி மேம்படுத்தலுக்குரிய சில சொற்கள் குறித்து

அன்பர்களுக்கு வணக்கம்.

பகிர் நிரலகம் (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்றின் புதிய பதிப்பு நிறுவப்பட்டதும், அதைச் சார்ந்த பழைய நிரல்கள் இயங்காமல் போகும் நிகழ்வை ‘ஏபிஐ பிரேக்’ என்று ஒலிபெயர்த்தே எழுதிவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அப்ளிகேஷன் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ், அப்ளிகேஷன் பைனரி இன்டர்ஃபேஸ் ஆகிய இரண்டின் சுருக்கமும் தமிழ் எழுத்தில் ‘ஏபிஐ’ என்றே வந்து நிற்கும். முன்னது மூலநிரல் நிரலகத்தை அழைக்கும் முறை; பின்னது தொகுக்கப்பட்ட கோப்புகள் இயங்கும்போது ஒன்றோடொன்று பொருந்தும் முறை. கணினியைப் பராமரிப்பவர் பிரித்தறிய வேண்டியதோ இவ்விரண்டைத்தான். முன்னது முறிந்தால் மூலநிரலையே திருத்தியாக வேண்டும். பின்னது மட்டும் முறிந்தால், மூலநிரலில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் மீண்டும் தொகுத்தாலே (கம்பைல் செய்தாலே) பெரும்பாலும் போதும்.

ஆகவே முன்னதை ‘நிரல் இடைமுகம்’ என்றும் பின்னதை ‘இரும இடைமுகம்’ என்றும் வழங்கலாம். நிகழ்வின் பெயர் ‘இரும இடைமுக முறிவு’. இது நீளமான தொடர்தான். ஆனால் ‘இரும முறிவு’ என்று சுருக்கினால், தொகுத்துக் கிடைக்கும் இயங்குகோப்பே பழுதானதாகப் பொருள்படும். ‘இணக்கமின்மை’ என்பதும் பொருந்தாது. அது ஒரு நிலையைக் குறிக்கிறது, நாம் பெயரிட முனைவதோ ஒரு குறிப்பிட்ட பதிப்பில் நேரும் மாற்றத்தை.

‘எஸ்ஓநேம்’ என்பதற்குப் ‘பிணைபெயர்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். நிரலகம் தன்னுள் தாங்கியிருக்கும் இந்தப் பெயரைத்தான் இயங்குகோப்பு பதிந்துவைத்துக்கொண்டு, தொடங்கும் வேளையில், நிரலகத்தைத் தேடி இணைக்கும் பிணைப்பியிடம் கேட்கிறது. 2021-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நிரலகத்தின் 3.0 பதிப்பு வெளிவந்தபோது பிணைபெயரில் இருந்த 1.1 என்னும் எண் 3 ஆனது. உபுண்டு 22.04 என்னும் லினக்ஸ் இயங்குதளம் தன் பொதிக் களஞ்சியத்தில் புதியதை மட்டுமே வைத்திருந்ததால், பழைய பிணைபெயரைக் கேட்ட வெளி நிரல்கள் தொடங்கவே இல்லை. தொல்லைதான் என்றாலும் காரணம் பிழைச்செய்தியிலேயே தெரிந்துவிடுகிறது. நிறுவுவதற்கென நிரலகத்தைக் கட்டித் தரும் பொதியின் பெயரும் உடன்மாறுவதால், பொதிகளை நிறுவும் மென்பொருளான பொதி மேலாளர் இத்தகைய சிக்கலை முன்னதாகவே கண்டு தடுக்கவும் முடியும்.

பிணைபெயர் மாறாமல் உள்ளமைப்பு மட்டும் மாறுவதே உண்மையில் அஞ்சத்தக்கது, ஏனெனில் அப்போது நிரல் வழக்கம்போலத் தொடங்கி, தவறான நினைவிடத்தைப் படித்து, எங்கோ ஓரிடத்தில் சரியும், அல்லது சரியாமலே பிழையான விடையைத் தரும். இதனை ‘மறைமுறிவு’ என்று தனித்துச் சுட்ட விரும்புகிறேன். 2038-ஆம் ஆண்டுச் சிக்கலை (32 பிட்டில் நேரத்தைக் குறிக்கும் எண் அவ்வாண்டில் நிரம்பிவிடுவதை) தவிர்க்க, 32 பிட் ஆர்ம் செயலிக் கட்டமைப்பில் நேரத்தைக் குறிக்கும் தரவுவகையை டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம் 64 பிட்டாக விரித்தபோது இந்த இடர்ப்பாடே எழுந்தது. நிரலகங்களின் பிணைபெயர்கள் மாறாத நிலையில், 2024-இல் பொதிப்பெயர்களின் ஈற்றில் ‘டி64’ என்று சேர்த்து, பழையதும் புதியதும் கலந்துவிடாமல் காத்தார்கள்.

இச்சொற்கள் புழக்கத்தில் எப்படி ஒலிக்கும் என்பதற்கு வெளியீட்டுக் குறிப்பின் வரி ஒன்றை எழுதிப் பார்த்தேன்: ‘இப்பதிப்பில் இரும இடைமுக முறிவு உள்ளது, பிணைபெயர் மாறுகிறது, சார்ந்த பொதிகளை மீண்டும் தொகுக்கவும்.’ ‘மறைமுறிவு’ என்பதைவிடத் தெளிவான சொல் யாருக்கேனும் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன். மற்ற நான்கையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.