மேற்கோளா, எடுத்தாட்சியா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஓர் ஆய்வுக் கட்டுரை இன்னொரு கட்டுரையைச் சுட்டுவதை ஆங்கிலத்தில் 'citation' என்கிறார்கள். அதற்கு நாம் பயன்படுத்தும் 'மேற்கோள்' பொருந்துமா என்று கேட்கவே இந்த மடல்.

குன்னூரில் பல ஆண்டுகள் ஆய்வகத்திலேயே காலம் கழித்த உயிர்மருத்துவ ஆய்வாளர் ஒருவர் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். நாங்கள் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். விழாவில் வாசிக்க அவருடைய ஆய்வுப் பணியைத் தமிழில் எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. "இவருடைய கட்டுரைகள் உலகெங்கும் நூற்றுக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன" என்று எழுதி, அவருடைய அண்ணனிடம் படித்துக் காட்டினேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். முகம் மலர்ந்து, "அப்படி எந்த வரியைம்மா எல்லாரும் சொல்றாங்க? அதையும் எழுதிடு" என்றார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. யாரும் எந்த வரியையும் சொல்லவில்லையே!

மேற்கோள் என்றதும் நம் மனதில் வருவது குறளை எடுத்துச் சொல்வதுதான். ஒருவர் சொல்லை அப்படியே, பெரும்பாலும் மதிப்போடு சொல்வது. ஆய்வுக் கட்டுரையில் நடப்பது வேறு. 1951இல் உயிர்வேதியியலாளர் லௌரியும் உடன் பணியாற்றியவர்களும் புரதத்தின் அளவைக் கண்டறியும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையைச் சுட்டியவை மூன்று லட்சத்துக்கும் மேல். அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் அந்த முறையைத் தங்கள் ஆய்வகத்தில் பயன்படுத்திக்கொண்டவர்கள். பக்கத்து வீட்டு ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டு, உரல் அவர்களுடையது என்று சொல்வது போல. இன்னொரு பக்கம், ஒரு முடிவு தவறு என்று காட்டுவதற்காகவே அதைச் சுட்டும் கட்டுரைகளும் உண்டு. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுதான்.

அதனால்தான் 'எடுத்தாட்சி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். எடுத்து ஆளுதல். சொல்லாட்சி என்று ஏற்கெனவே சொல்கிறோம், 'ஆட்சி' அதே பொருளில் இங்கேயும் வருகிறது. புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. பிறர் கருத்தை நூலாசிரியர் எதிர்கொள்ளும் ஏழு வகைகளை நன்னூல் எழுமதம் என்கிறது; அதில் உடன்படலும் மறுத்தலும் பிறர்நூற் குற்றங் காட்டலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. முன்னோர் நூலை ஒருவர் கையாளும் வகைகளை நம் இலக்கணம் அவ்வளவு விரிவாகப் பார்த்திருக்கும்போது, எல்லாவற்றையும் மேற்கோளுக்குள் அடைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"மேற்கோள் வேர்விட்டுவிட்டது, இனிப் பிடுங்க வேண்டாம்" என்று கொடைக்கானல் ஐயா போன மடலில் எழுதியிருந்தார். ஐயா, பிடுங்கச் சொல்லவில்லை. வரியை அப்படியே எடுத்துத் தரும் இடத்தில் அது இருக்கட்டும். எண்ணிக்கை வரும் இடத்தில் மட்டும் மாற்றுவோம். வினையாகவும் இது நன்றாக வளைகிறது: எடுத்தாண்ட கட்டுரை, எடுத்தாளப்பட்ட கட்டுரை. தன் கட்டுரையைத் தானே சுட்டினால் தன்னெடுத்தாட்சி. ஓர் ஆய்வாளர் எழுதிய கட்டுரைகளின் முழுப் பட்டியலுக்கு, நூலடைவு போலக் கட்டுரையடைவு. அதற்குச் சிலர் சொல்லும் 'வெளியீட்டுப் பதிவு' என்றால் பதிவுத்துறை ஞாபகம்தான் வருகிறது.

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு எடுத்தாளப்படுகின்றன என்று காட்ட 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்மொழிந்த அளவை (h-index) சிலர் 'எச் குறியீடு' என்கிறார்கள். ஒருவருடைய கட்டுரைகளில் 12 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 12 முறை எடுத்தாளப்பட்டு, 13 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 13 முறை என்று அமையாவிட்டால் அவருடைய அளவு 12. இது ஓர் எண்தானே, குறியீடு எதற்கு? ஹிர்ஷ் எண் போதும்.

அப்புறம் 'தாக்கக் காரணி' (impact factor). இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அது ஆளுக்கு உரியதே அல்ல, இதழுக்கு உரியது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் எத்தனை முறை எடுத்தாளப்பட்டன என்று எண்ணி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். வகுத்து வருவது வீதம். 'இதழ் எடுத்தாட்சி வீதம்' என்று சொல்லிவிட்டால், அதை ஓர் ஆய்வாளரின் தகுதியாக யாரும் படிக்கமாட்டார்கள்.

தாக்கம் என்ற சொல்லை வேறொன்றுக்காக மிச்சம் வைக்க விரும்புகிறேன். 1918இல் மருத்துவர் மக்கேரிசன் குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பி1 சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போனது. இடையில், ஊட்டச்சத்து ஆய்வாளர் அய்க்ராய்டு அதன் பொறுப்பில் இருந்த 1937இல், நம் நாட்டு உணவுகளின் சத்து அட்டவணை இங்கிருந்து வெளிவந்தது. இன்று ஒரு செவிலியர் தாயிடம் "கேழ்வரகு கொடும்மா, சுண்ணாம்புச்சத்து இருக்கு" என்று சொல்லும்போது எந்தக் கட்டுரையையும் எடுத்தாள்வதில்லை. அதை எந்த எண்ணும் கணக்கில் சேர்க்காது. தாக்கம் என்று நான் சொல்வது அதைத்தான்.

வெள்ளிக்கிழமை விழாத் தாள் அச்சுக்குப் போகிறது. எடுத்தாட்சி, ஹிர்ஷ் எண், கட்டுரையடைவு மூன்றையும் போட்டுவிட்டேன். 'தன்னெடுத்தாட்சி' வாயில் கொஞ்சம் தடுக்குகிறது. இதைவிட எளிதான சொல் யாருக்காவது தோன்றினால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.