ஒரு ஜடைக்காக வீட்டை விற்பதா?

மாடிவீட்டு மைனா:
நேற்று மெய்ன்அப்பா இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தார். மெய்ன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். அவர் தமிழர், மனைவி வெள்ளைக்காரர். மகள் கறுப்பினக் குழந்தை, மகன் கொலம்பியாவில் பிறந்தவன், இரண்டுமே தத்து. மகளின் வகுப்பில் அவள் நிறத்தில் இன்னொரு முகம் கிடையாது. அவள் முடியைப் பின்னத் தெரிந்த கடைக்கு ஒன்றேகால் மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். வீட்டை விற்றுவிட்டு சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்குக்குப் போகலாமா என்று கேட்டார். நம் கருப்பட்டி அண்ணன் அருளிய பதில்: "ஒரு ஜடைக்காக வீட்டை விற்பதா? அன்பு இருந்தால் எந்த ஊரும் போதும்." அதற்கு லைக் மழை வேறு. எரிச்சல் தாங்காமல்தான் இந்தத் தனி இழை.

அண்ணே, 2020 கணக்கெடுப்பின்படி மெய்னில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வெள்ளையர். அந்தப் பெண் உங்கள் அன்பைத் தூக்கிக்கொண்டு தினமும் தனியாகத்தான் பள்ளிப் பேருந்தில் ஏற வேண்டும்.

கருப்பட்டி:
தனி இழையா! மரியாதைக்கு நன்றி, தங்கச்சி. சொன்னதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். ஒன்றேகால் மணி நேரம் எல்லாம் அமெரிக்காவில் ஒரு தூரமா? பாட்டு வகுப்புக்கும் கோயிலுக்கும் அதைவிட அதிகம் ஓட்டுகிறவர்கள்தான் இங்கே பாதிப் பேர். அவர்களில் யாராவது வீட்டை விற்றார்களா?

சட்டாம்பிள்ளை:
உணர்ச்சிவசப்படாமல் சட்டத்தைப் பாருங்கள். தத்துக் கொடுப்பதில் இனத்தைக் காரணம் காட்டித் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று 1994இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டது. பெற்றோரால் குழந்தையின் இனத் தேவையைக் கவனிக்க முடியுமா என்று பார்க்க அதில் ஒரு சின்னச் சந்து இருந்தது. 1996 திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. ஆக, இனத்தைப் பார்க்காதே என்று அரசே சொல்கிறது. மைனா மேடம் பார்க்கச் சொல்கிறார்.

மாடிவீட்டு மைனா:
சட்டாம்பிள்ளை சார், அது மத்திய அரசின் பணம் வாங்கி, குழந்தையை ஒப்படைக்கிற ஏஜென்சிக்குப் போட்ட கடிவாளம். ஒப்படைத்த பிறகு அப்பா அம்மா எந்த ஊரில் குடியிருக்கலாம் என்று அதில் ஒரு வரி காட்டுங்கள். வெளிநாட்டுத் தத்துக்கு ஹேக் ஒப்பந்த விதிப்படி குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி கட்டாயம். பல பண்பாட்டுக் குடும்பமாக மாறுவதால் நீண்ட காலத்தில் என்ன வரும் என்பதும் அந்தப் பாடத்திட்டத்தில் உண்டு. அரசு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னதாக எங்கே படித்தீர்கள்?

கருப்பட்டி:
பயிற்சி எடுத்தாயிற்று இல்லையா? அப்படியே ஜடை பின்னவும் பயிற்சி எடுக்கட்டும். யூடியூபில் இல்லாததா? வீடு மிச்சம்.

செயின்ட்பால் சிவா:
கருப்பட்டி அண்ணே, ஜடையை விட்டு வெளியே வாங்க. என் மனைவி கொரியாவில் பிறந்து, மினசோட்டாவில் வெள்ளைப் பெற்றோரிடம் வளர்ந்தவள். அன்புக்குக் குறைவே இல்லை, இன்னைக்கும் என் மாமனார் மாமியார் தங்கம். ஆனா சின்ன வயசில் கண்ணாடியைப் பார்த்தாலே அவளுக்குத் திக்குன்னு இருக்குமாம். 2009இல் டொனால்ட்சன் தத்தெடுப்பு ஆய்வு நிறுவனம் ஒரு அறிக்கை போட்டது. வெள்ளைக் குடும்பங்களில் வளர்ந்த கொரியர்களில் 78 சதவீதம் பேர், குழந்தையா இருந்தப்போ தங்களை வெள்ளையரா நினைச்சிருக்காங்க, இல்லைன்னா வெள்ளையரா மாற ஆசைப்பட்டிருக்காங்க. அந்த அப்பா அம்மாவெல்லாம் அன்பில்லாதவங்களா?

கருப்பட்டி:
கொரியர் கணக்கைக் கறுப்பினப் பிள்ளைக்குப் பொருத்தாதீர்கள். கொரியப் பிள்ளைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஓட்டி ஜடை பின்ன வேண்டியதில்லை.

செயின்ட்பால் சிவா:
சுவரோட பேசுற மாதிரி இருக்கு.

மாடிவீட்டு மைனா:
சரி, ஜடையையே பேசுவோம். அந்தச் சுருள்முடியை ஈரமாக வைத்து, கண்டிஷனர் போட்டு, நுனியிலிருந்து மேலே சிக்கெடுக்க வேண்டும். சிறு சிறு ஜடையாகப் பின்ன அரைநாள் போகும். அந்த அரைநாள் அவளைப் போன்ற பெண்கள் நிறைந்த கடையில் உட்கார்ந்து, அவர்கள் பேச்சையும் சிரிப்பையும் கேட்கிறாளே, அதை உங்கள் யூடியூப் தருமா? முடி அற்ப விஷயம் என்றால், முடியை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிபோர்னியா 2019இல் எதற்குச் சட்டம் போட்டது?

சட்டாம்பிள்ளை:
தகவலுக்காக: மெய்னும் 2022இல் அதே சட்டத்தைப் போட்டுவிட்டது.

கருப்பட்டி:
கேட்டீர்களா? மெய்னே போட்டுவிட்டதாம். அப்புறம் எதற்கு ஊர் மாறணும்?

ஓக்பார்க்வாசி:
எங்கள் ஊர்ப் பெயர் அடிபடுவதால் வருகிறேன். கறுப்பின வேதியியல் மேதை பெர்சி ஜூலியன் 1950இல் இங்கே வீடு வாங்கியபோது, குடிபுகும் முன்பே நன்றித் திருநாளில் (தேங்க்ஸ்கிவிங்) அதற்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அடுத்த வருடம் டைனமைட் வீசினார்கள். அதே ஊர் 1968இல் வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுத்து விதி போட்டது. 1972இல் வீட்டுவசதி மையம் வந்தது. கறுப்பினத்தவர் ஒரு தெருவிலும் வெள்ளையர் இன்னொரு தெருவிலும் குவியாமல், வாடகைக்கு வருகிறவர்களை ஊர் முழுக்கப் பரவலாகக் குடியேற ஊக்குவித்தார்கள். வீட்டு விலை சரிந்தால் ஈடுகட்டக் காப்பீடுகூட 1978இல் வந்தது. எல்லைத் தெருவுக்கு அந்தப் பக்கம் சிகாகோவின் ஆஸ்டின் பகுதி சில ஆண்டுகளில் வெள்ளையர் காலிசெய்த பகுதியாக மாறியபோது, எங்கள் ஊர் மட்டும் தப்பியது தற்செயல் அல்ல.

வட்டிக்கடை:
பெருமை இருக்கட்டும் சார். சொத்து வரி எவ்வளவு என்று அந்த அப்பாவிடம் சொன்னீர்களா? வரி பில் பார்த்தால் ஜூலியனே திரும்பிப் போயிருப்பார்.

ஓக்பார்க்வாசி:
மிகவும் கேவலமான நகைச்சுவை. குண்டு வீசப்பட்ட வீட்டை விட்டு அவர் போகவில்லை என்பதுதான் எங்கள் பெருமை.

வட்டிக்கடை:
கோபம் வேண்டாம், கணக்குப் பேசுகிறேன். 2021 தொடக்கத்தில் 30 வருடக் கடன் வட்டி 3 சதவீதத்துக்கும் கீழே கிடைத்தது. 2023 அக்டோபரில் ஏழரையைத் தாண்டியது. வீட்டை விற்றால் பழைய வட்டிக் கடன் போய்விடும், புது வீட்டுக்குப் புது வட்டிதான். 4 லட்சம் டாலர் கடனுக்கு 3 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 1,690. அதுவே 7 சதவீதத்தில் சுமார் 2,660. மாதம் ஆயிரம் டாலர் போனால், அதே பிள்ளையின் கல்லூரிப் பணம்தான் கரையும். உபதேசம் செய்கிறவர்கள் வித்தியாசத்தைக் கட்டுவார்களா?

கருப்பட்டி:
வட்டிக்கடை தம்பி வாழ்க! மாதம் ஆயிரம் டாலருக்கு ஜடைக்காரம்மாவை வீட்டுக்கே வரவழைக்கலாமே.

நியூஜெர்சி நாச்சியார்:
பன்முக ஊர் என்றதும் எல்லாரும் சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு வருவது சிரிப்பாக இருக்கிறது. எங்கள் மாநிலத்தில் சவுத் ஆரஞ்சும் மேப்பிள்வுட்டும் இதற்கென்றே பேர்போன இரட்டை ஊர்கள். 1996 முதல் இன ஒற்றுமைக்குத் தனிக் கூட்டமைப்பே உண்டு. அந்தப் பள்ளி மாவட்டத்தின் மீதே 2018இல் கறுப்பினப் பெற்றோர் அமைப்பொன்று வழக்குப் போட்டது. தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் பிரிந்து கிடக்கிறார்கள், உயர்மட்டக் கணித வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகள் குறைவு என்பதெல்லாம் குற்றச்சாட்டு. 2020இல் சமரசம் ஆனது. ஊர்க் கணக்கு வேறு, உங்கள் பிள்ளை உட்காரும் வகுப்பின் கணக்கு வேறு. வீடு பார்க்கும் முன் அந்த வகுப்பைப் போய்ப் பாருங்கள், வாசலில் நிற்கிற பெற்றோரைப் பாருங்கள்.

ஓக்பார்க்வாசி:
ஓக் பார்க்கை மேப்பிள்வுட்டோடு ஒப்பிட வேண்டாம்.

நியூஜெர்சி நாச்சியார்:
ஏன், உங்கள் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் நடுவே அந்த இடைவெளியே இல்லையா? பல வருடமாக ஊரே பேசுகிற விஷயம்தானே.

ஓக்பார்க்வாசி:
பேசுகிறோம் என்பதே எங்கள் சிறப்பு. மற்ற ஊர்கள் பேசுவதே இல்லை.

செயின்ட்பால் சிவா:
இன்னொண்ணு சொல்லணும், மைனாவுக்குப் பிடிக்காது. என் மனைவி வீட்டிலும் ஊர் மாத்தினாங்க, அவ பத்தாம் வகுப்பு படிக்கும்போது. புது இடத்தில் கொரியப் பிள்ளைங்க நிறைய. அவளுக்கோ மொழி தெரியாது, சாப்பாடு தெரியாது. கொரியப் பிள்ளைங்க சேர்த்துக்கலை, பழைய சிநேகிதிகளும் போச்சு. போறதுன்னா சீக்கிரம் போங்க, இல்லைன்னா பிள்ளையைக் கேட்டுட்டுப் போங்க.

கருப்பட்டி:
ஆகா, சிவா என் பக்கம் வந்துவிட்டார்!

செயின்ட்பால் சிவா:
வரலை.

மாடிவீட்டு மைனா:
கருப்பட்டி அண்ணன் ஏன் இப்படித் துள்ளுகிறார் என்று எனக்குத் தெரியும். போன வருடம் வரன் இழையில் "நல்ல நிறமாக" என்று விளம்பரம் போட்டவர் யார்? நம் கூட்டத்திலேயே இவ்வளவு நிறம் பார்க்கிறோம், அந்தப் பெண் குழந்தையை மெய்ன்காரர்கள் மட்டும் நிறம் பார்க்காமல் வளர்த்துவிடுவார்களா?

கருப்பட்டி:
அது என் மைத்துனர் மகளுக்கு, மைத்துனர் எழுதிக் கொடுத்ததை அப்படியே போட்டேன். அன்றே விளக்கம் சொல்லியாயிற்று. வாதத்தில் சரக்கு தீர்ந்தால் வரன் இழையைத் தோண்டுவது உங்கள் வழக்கம். உங்கள் புறநகரில் எத்தனை கறுப்பினக் குடும்பம்? நம் ஆள்கள் பள்ளி மதிப்பெண் பார்த்து வீடு வாங்கி, தெரு முழுக்க நம்மவர்களாக நிரப்பிக்கொண்டு, மெய்ன்காரருக்கு மட்டும் பன்முகம் போதிக்கிறீர்கள்.

மாடிவீட்டு மைனா:
நான் எங்கே இருக்கிறேன் என்பது இங்கே பேச்சே இல்லை.

கருப்பட்டி:
பதில் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

மெய்ன்அப்பா:
என் குடும்பத்தை வைத்து இவ்வளவு நடக்கிறதா? ஜடை ஒரு உதாரணத்துக்குச் சொன்னது. மகளுக்குப் பத்து வயது, அடுத்து மிடில் ஸ்கூல். அக்கம்பக்கத்தார் நல்லவர்கள், உண்மையிலேயே நல்லவர்கள். ஆனால் கடைக்குப் போனால், நான் அவளோடு சேர்ந்து வந்தவன் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. "உன் பெற்றோர் எங்கே" என்று என் முன்னாலேயே அவளைக் கேட்கிறார்கள். இப்போதெல்லாம் நான் சொல்வதற்குள் அவளே பதில் சொல்லிவிடுகிறாள். மகன் வேறு மாதிரி, அவன் யாரையும் கண்டுகொள்வதில்லை. ஒரு சந்தேகம்: மகள் ஃபாஸ்டர் கேர் (அரசுப் பொறுப்பில் தற்காலிகக் குடும்பத்தில் வளர்வது) வழியாக வந்தவள், மாதம் உதவித்தொகை வருகிறது. வேறு மாநிலம் போனால் நின்றுவிடுமா?

சட்டாம்பிள்ளை:
தத்துக் குடும்பங்களுக்கு உதவும் மத்திய அரசின் நான்கு-இ திட்டத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தால் நிற்காது. பணத்தைப் பழைய மாநிலம் தொடர்ந்து தரும், மெடிக்கெய்ட் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு மட்டும் புது மாநிலத்துக்கு மாறும். கிளம்பும் முன்பே இரண்டு பக்கமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுக்க மாநிலப் பணம் என்றால் கதை வேறு, ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

கருப்பட்டி:
மெய்ன்அப்பா, "கடைக்கு ஒன்றேகால் மணி நேரம்" என்று எழுதியது நீங்களா இல்லையா? ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

மாடிவீட்டு மைனா:
மனுஷன் என்ன சொல்கிறார், இவர் என்ன கேட்கிறார் பாருங்கள்!

வட்டிக்கடை:
ஓக்பார்க்வாசி சார், சொத்து வரிக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஓக்பார்க்வாசி:
வரி அதிகம்தான். அதற்கு என்ன கிடைக்கிறது என்று தனி இழையில் விரிவாக எழுதுகிறேன், அங்கே வாருங்கள்.

நெறியாளர்:
வரன் விளம்பரம் பற்றிய பதிவுகளை நீக்கப்போகிறேன். தலைப்போடு நில்லுங்கள்.

கருப்பட்டி:
நீக்குவதானால் மைனாவின் பதிவை முதலில் நீக்குங்கள். என் விளக்கம் அப்படியே இருக்க வேண்டும். ஜடைக்கு வருகிறேன்...